சல்லடைப் பட்டாணியும் பிரபஞ்ச சங்கீதமும்

பேய்ப் படத்தில் கதாநாயகி மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு தனியாக மாடிப்படி ஏறும்போது பின்னால் ஒன்று உறுமுமே, அந்த ஜாதி இசைக்கு உலகம் முழுக்க பக்தர்கள் இருக்கிறார்கள். தாளம் கிடையாது, பாட்டு கிடையாது, இருபது நிமிஷத்துக்கு ஒரே மூட்டம். கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'அமானுஷ்யம்' என்பார்கள், 'ஆழம்' என்பார்கள், கொஞ்சம் படித்தவராக இருந்தால் 'இருத்தலின் வெறுமை' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இதன் பூர்வீகத்தைக் கிண்டிப் பார்த்தால் வெறுமை இருந்தது வாஸ்தவம்தான். பெரும்பாலும் அது சட்டைப்பையில் இருந்தது.

இடம் மேற்கு பெர்லின், வருஷம் 1968. நாலு பக்கமும் கிழக்கு ஜெர்மனி, ஊரைச் சுற்றி 1961-ல் எழுப்பிய சுவர். இந்தத் தீவில் குடியிருந்தால் மேற்கு ஜெர்மனியின் கட்டாய ராணுவ சேவை கிடையாது. மதுக்கடைகளை இத்தனை மணிக்குச் சாத்தவேண்டும் என்ற சட்டமும் கிடையாது. பட்டாளத்துக்குப் போக மனமில்லாமலும் ராத்திரியில் தூக்கம் வராமலும் இருந்த ஜெர்மன் இளைஞர்கள் எந்த ஊரில் போய்க் குவிந்திருப்பார்கள் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை.

அவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அப்பா காலத்து ஜெர்மன் பாட்டை வாசிக்கலாமென்றால், அந்தக் காலத்தில் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வியும் கூடவே வரும். அமெரிக்க ராக் வாசிக்கலாமென்றால், வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மூன்றாவது வழி. யாருக்குமே வாசிக்கத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாதல்லவா?

அதற்கான இடம் கிரோய்ட்ஸ்பெர்க் பகுதியில், ஷௌப்யூனே நாடக அரங்கம் இருந்த கட்டடத்திலேயே கிடைத்தது. பெயர் சோடியாக் கலைக்கூடம். ஒரு அறைக்கு முழுக்க வெள்ளை அடித்தார்கள், இன்னொன்றுக்கு முழுக்கக் கறுப்பு. உள்ளே வாத்தியங்களும் ஒலிபெருக்கிகளும் கிடக்கும், இஷ்டப்பட்டவர் இஷ்டப்பட்டதை எடுத்து இஷ்டப்பட்ட நேரம் வரை சத்தம் எழுப்பலாம். சுருதி, தாளம், ரசிகர்களின் காது ஆகிய எதற்கும் மரியாதை செலுத்த வேண்டியதில்லை. இப்படிப்பட்ட ஸ்தாபனம் அதிக நாள் நீடிக்காது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். நீடிக்கவும் இல்லை, 1969-லேயே கதவைச் சாத்தியாயிற்று. ஆனால் அதற்குள் ஆட்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தவற்றில் பலவற்றுக்கு விதை விழுந்தது அந்தக் கூடத்தில்தான்.

யார் அந்த ஆட்கள்? கூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோன்ராட் ஷ்னிட்ஸ்லர் கப்பலில் வேலை பார்த்தவர், பிறகு ட்யூஸல்டார்ஃபில் யோசெஃப் பாய்ஸிடம் சிற்பம் படித்தவர். இன்னொருவர் ஹான்ஸ்-யோஆகிம் ரோடெலியுஸ். சின்ன வயதில் சினிமாவில் நடித்து, கிழக்கு ஜெர்மனியில் சிறை கண்டு, மேற்கே வந்து மசாஜ் செய்து பிழைத்தவர். பிறகு டீட்டர் மோபியுஸ் வந்து சேர்ந்தார். உணவு விடுதியில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தவரை ஷ்னிட்ஸ்லர் பிடித்துக்கொண்டு வந்தார். மாலுமி, மசாஜ்காரர், சமையல்காரர். 'இதில் வித்வான் யார்?' என்று கேட்பது அநாகரிகம்.

எட்கர் ஃப்ரோஸே ஒருவர்தான் கிட்டாரைச் சரியான பக்கம் பிடிக்கத் தெரிந்தவர். அவரும் சிற்பம் படித்தவர்தான். 1967-ல் தன் ராக் குழுவோடு ஸ்பெயினுக்குப் போய் சால்வடார் தாலியின் வீட்டில் வாசித்துவிட்டு வந்தார். கடிகாரத்தை உருகவிட்ட ஓவியரின் வீட்டுக்குப் போய்வந்தவருக்கு மூன்று நிமிஷப் பாட்டு எப்படி ருசிக்கும்? திரும்பி வந்து டாங்கரின் ட்ரீம் என்ற குழுவைத் தொடங்கினார். 1969 அக்டோபரில் ஒரு தொழிற்சாலைக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து ஃப்ரோஸே, ஷ்னிட்ஸ்லர், கிளாவ்ஸ் ஷூல்ட்ஸே என்ற டிரம்ஸ்காரர் மூவரும் டேப்பை ஓடவிட்டார்கள்.

அந்த ஆல்பத்தின் பெயர் 'எலெக்ட்ரானிக் மெடிடேஷன்'. இதில் வேடிக்கை, எலெக்ட்ரானிக் வாத்தியம் என்று சொல்லத்தக்க ஒன்றை நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். சின்தசைசர் கிடையாது. செல்லோ உண்டு. கண்ணாடி உடைபடும் சத்தம் உண்டு. காகிதம் எரியும் சத்தம் உண்டு. சல்லடையில் காய்ந்த பட்டாணியைப் போட்டுக் குலுக்கும் சத்தம் உண்டு. ஷ்னிட்ஸ்லருக்கு எதிரே அட்டையில் செல்லோ, வயலின், அத்தோடு 'ஆடியேட்டர்' என்றும் அச்சிட்டிருக்கிறது. அது மளிகைக்கடைக்காரர் கணக்குக் கூட்டப் பயன்படுத்தும் கையடக்க இயந்திரம். கணக்குப்பிள்ளையைப் பக்கவாத்தியமாக உட்கார வைத்த முதல் கச்சேரி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசிப் பகுதியில் ஃப்ரோஸேயின் குரல் வரும். எந்த மொழி என்று பிடிபடாது. பழைய மந்திரமோ, சபிக்கப்பட்ட சுவடியோ என்று ரோமம் சிலிர்க்கும். கப்பல் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடித்த வாசகம் அது. டோவரிலிருந்து கலே போகும் படகின் டிக்கெட்டை வாசித்துத் தலைகீழாக ஓடவிட்டிருக்கிறார்கள். பயணிகளுக்கான நிபந்தனைகளை இவ்வளவு பக்தியோடு வேறு யாரும் கேட்டதில்லை. 1970-ல் இசைத்தட்டு வெளிவந்தபோது உறைக்குள் இலவசமாக ஒரு பலூனும் வைத்துக் கொடுத்தார்கள். தியானம் கைகூடாதவர்கள் ஊதிக்கொள்ளலாம்.

ஷ்னிட்ஸ்லருக்கு இந்த ஒழுங்குகூட அதிகமாகப் பட்டதோ என்னவோ, ரோடெலியுஸையும் மோபியுஸையும் சேர்த்துக்கொண்டு க்ளஸ்டர் என்று தனிக்கடை போட்டார். செல்லோவைத் தேய்த்து, கிட்டாரை உலோகத்தால் அடித்து, எல்லாவற்றையும் எதிரொலிக் கருவிக்குள் தள்ளி, பாதாளத்தில் ஆலை ஓடுவதுபோல ஒரு சத்தத்தை உண்டாக்கினார்கள். இதைப் பதிவு செய்து வெளியிடப் பணம் கொடுக்க எந்தப் பைத்தியக்காரன் வருவான்? வந்தது கிறிஸ்தவ தேவாலயம்!

புதுமை இசையில் நாட்டமுள்ள தேவாலய ஆர்கன் கலைஞர் ஒருவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தார். ஷ்னிட்ஸ்லர் அதற்குப் பதில் போட்டார். சமயப் பாடல்கள் வெளியிட்டுக்கொண்டிருந்த ஷ்வான் நிறுவனம் தட்டைப் பதிப்பிக்க முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனைதான்: ஒரு பக்கத்தில் இசையோடு சமய வாசகத்தை ஒரு குரல் வாசிக்க வேண்டும். மூவரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஓசியில் ஸ்டூடியோ, ஒலிப்பதிவாளராக கோனி பிளாங்க் என்ற மேதை. வாசகம் என்ன, பஞ்சாங்கத்தையே வாசிக்கச் சொன்னாலும் சரி என்றிருப்பார்கள். 'க்ளோப்ஃட்ஸைஷென்' என்ற அந்தத் தட்டு 300 பிரதி அச்சானது. ஜெர்மன் தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அந்தக் குரல் அவர்களை நரகத்துக்கு அழைப்பது போலவே இருக்கும். ஜெர்மன் தெரிந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நடுவே யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு போவது போலக் கேட்கும்.

டிரம்ஸ்காரர் ஷூல்ட்ஸே என்ன ஆனார்? டாங்கரின் ட்ரீமில் ஒரு ஆல்பம், அதிலிருந்து விலகி மானுவல் கோட்ஷிங்கோடு ஆஷ் ரா டெம்பெல் குழுவில் ஒரு ஆல்பம், அதிலிருந்தும் விலகல். அந்தக் காலத்து பெர்லினில் கூட்டு முயற்சி என்றால் கூடுவது பாதி, முறித்துக்கொள்வது பாதி. 1972-ல் தனியாக 'இர்லிஷ்ட்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் எலெக்ட்ரானிக் இசையின் ஆதி கிரந்தங்களில் ஒன்றாக அதை வைத்துக் கும்பிடுகிறார்கள். அதிலும் சின்தசைசர் கிடையாது, வாங்க வக்கில்லை. பழுதான ஒரு மின் ஆர்கன், கோளாறான ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வாசித்ததைப் பதிந்த டேப். டேப்பைத் திருப்பி ஓடவிட்டார், ஆர்கனை அழுத்திப் பிடித்துக்கொண்டார், ஆம்ப்ளிஃபயர் தன் நோயைத் தானே பாடிற்று. நல்ல ரிப்பேர்க்காரர் ஒருவர் மட்டும் பக்கத்துத் தெருவில் இருந்திருந்தால் உலகம் ஒரு மகத்தான படைப்பை இழந்திருக்கும்.

அதே வருஷம் டாங்கரின் ட்ரீம் 'ட்ஸைட்' என்ற இரட்டைத் தட்டை வெளியிட்டது. பக்கத்துக்கு ஒரு உருப்படி, மொத்தம் நாலு. நாலு செல்லோக்காரர்கள், பாப்போல் வூ குழுவின் ஃப்ளோரியன் ஃப்ரிக்கே இரவல் விருந்தாளியாகத் தன் மூக் சின்தசைசரோடு வந்தார். டிரம்ஸ் அடியோடு கிடையாது. பெயருக்கு அர்த்தம் 'காலம்'. கேட்பவருக்குக் காலம் நகர்ந்ததற்கு ஒரே சாட்சி, தட்டைத் திருப்பிப் போட எழுந்ததுதான். எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் இது. ஒரே மூச்சில் விழித்திருந்து கேட்டு முடித்தேன் என்று சொல்பவரை மட்டும் நான் நம்புவதில்லை.

இப்போது பலூன் கொடுத்த புண்ணியவானிடம் வருவோம். ரோல்ஃப்-உல்ரிஷ் கைஸர், ஓர் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தியவர். இவர் இல்லாவிட்டால் இந்தக் குழுக்களில் பாதி வெளியுலகுக்குத் தெரிந்திருக்காது. இவர் இருந்ததால் அந்தப் பாதிக்குக் காசும் தெரியவில்லை. அமெரிக்கச் சிறையிலிருந்து தப்பி சுவிட்சர்லாந்தில் ஒளிந்திருந்த எல்.எஸ்.டி. ஆச்சாரியார் டிமோத்தி லியரியைப் பிடித்து, ஆஷ் ரா டெம்பெலோடு 1972-ல் பெர்ன் நகரில் ஒரு ஆல்பம் பதிவு செய்ய வைத்தார். செவன் அப் பாட்டிலில் யாரோ எல்.எஸ்.டி.யைக் கலந்து சுற்றுக்கு விட்டதால் ஆல்பத்துக்கு 'செவன் அப்' என்றே பெயர். குளிர்பானக் கம்பெனிக்கு இதைவிடச் சங்கடமான இலவச விளம்பரம் கிடைத்திருக்காது.

அந்த அனுபவம் கைஸரின் தலைக்குள் ஒரு வியாபார யோசனையை முளைக்க வைத்தது. ஒலிப்பதிவாளர் டீட்டர் டீர்க்ஸின் ஸ்டூடியோவில் விருந்துக்குக் கூப்பிடுவது, வந்த கலைஞர்களுக்கு மருந்து கொடுப்பது, அவர்கள் மிதந்துகொண்டே வாசிப்பதை டேப்பில் பிடித்துக்கொள்வது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே 1973 பிப்ரவரியில் தொடங்கி மே மாதம் வரை நடந்தது. கோட்ஷிங், ஷூல்ட்ஸே உட்பட எல்லாரும் வந்தார்கள், வாசித்தார்கள், வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள், மறந்தார்கள்.

பிறகு ஒருநாள் கோட்ஷிங் பெர்லினில் ஒரு இசைத்தட்டுக் கடைக்குப் போனார். கடையில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. காதுக்கு நன்றாக இருந்தது. யாருடையது என்று கேட்டார். கடைக்காரர் அட்டையை எடுத்துக் காட்டினார். காஸ்மிக் ஜோக்கர்ஸ் என்ற, அவர் கேள்விப்பட்டேயிராத குழு. அட்டையில் அவருடைய போட்டோ! தான் உறுப்பினராக இருக்கும் குழுவைக் கடைக்காரரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்ட கலைஞர் வேறு யாராவது உண்டா? 1974-ல் மட்டும் அந்த ஜோக்கர்கள் பெயரில் ஐந்து ஆல்பங்கள் வந்தன. ஒன்றில் கைஸரின் காதலி கில்லே லெட்மான் பழைய பதிவுகளின்மேல் விண்வெளிப் பெண்ணாகப் பேசிக்கொண்டே போகிறார். ஷூல்ட்ஸே வழக்குப் போட்டார். கைஸரின் சாம்ராஜ்யம் கவிழ்ந்தது. வருத்தமான விஷயம், அந்த முதல் தட்டு பிரமாதமாக இருக்கிறது. திருட்டு மாங்காய்தானே ருசி.

டாங்கரின் ட்ரீம்காரர்கள் இந்தக் கூத்தில் மாட்டாமல் இங்கிலாந்துக்குத் தாவிவிட்டார்கள். வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் அவர்களுடைய 'ஆட்டெம்' ஆல்பத்தை 1973-ன் சிறந்த ஆல்பம் என்று சொல்லிவிட்டார். ரிச்சர்ட் பிரான்சனின் வர்ஜின் நிறுவனம் உடனே ஒப்பந்தத்தை நீட்டியது. 1973 நவம்பரில் ஃப்ரோஸே, கிறிஸ்டோஃபர் ஃப்ராங்கே, பீட்டர் பௌமான் மூவரும் ஆக்ஸ்ஃபர்ட் அருகே ஷிப்டன்-ஆன்-செர்வெல் கிராமத்தில் இருந்த பிரான்சனின் மேனர் ஸ்டூடியோவில் போய் இறங்கினார்கள். கூடவே ஒரு மூக் சின்தசைசர். ஒரு காலத்தில் மிக் ஜாகரிடம் இருந்த யந்திரம். அவருக்கு அதை என்ன செய்வதென்று புரியாமல் கைமாறி பெர்லினுக்கு வந்திருந்தது.

மூக் என்பது அலமாரி அளவுக்குப் பெட்டி, பெட்டி நிறைய ஓட்டைகள், ஓட்டைக்கு ஓட்டை ஒயர். இன்று வைத்த அமைப்பு நாளைக்கு நினைவிருக்காது, தினம் காலையில் மணிக்கணக்காக சுருதி கூட்ட வேண்டும். கூட்டி முடித்ததும் கோடை வெயிலில் வைத்த மிருதங்கம் போலத் தன் இஷ்டத்துக்கு ஏறும் இறங்கும். டேப் யந்திரம் பழுதானது. மிக்ஸர் பழுதானது. அடிநாதம் தாங்காமல் ஒலிபெருக்கிகள் செத்தன. பத்துப் பதினொரு நாள் போராடியும் கையில் ஆறு நிமிஷத்துச் சரக்குக்கு மேல் தேறவில்லை. ஃப்ராங்கே மூக்கைச் சோதித்துப் பார்த்தபோது டேப் ஓடிக்கொண்டிருந்தது, யந்திரம் சூடேறச் சூடேற சுருதி தானாக நகர்ந்துகொண்டே போனது. அதையே வைத்துக்கொண்டு மேலே புல்லாங்குழலும் மெல்லோட்ரான் என்ற விசைப்பலகையும் பூசினார்கள். அதுதான் 'ஃபேட்ரா', பதினேழு நிமிஷம். உலகத்தில் சுருதி நழுவியதற்காகப் புகழப்பட்ட ஒரே உருப்படி.

இன்னொரு உருப்படி பிறந்த விதமும் அழகு. ஃப்ராங்கேயும் பௌமானும் களைத்துத் தூங்கிப்போனார்கள். ஃப்ரோஸே தன் மனைவி மோனிக்கை ஸ்டூடியோவுக்குள் கூப்பிட்டார். அவர் மெல்லோட்ரானில் உட்கார, அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து ஃபேஸர் கருவிகளின் குமிழ்களைத் திருக, ஒரே டேக்கில் முடிந்தது. பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று ஆண்கள் பதினொரு நாள் உழன்ற இடத்தில் தம்பதியர் ஒரே எடுப்பில் கரையேறினார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை. 1974 பிப்ரவரியில் 'ஃபேட்ரா' வெளிவந்து பிரிட்டிஷ் பட்டியலில் 15-ஆம் இடம் வரை போனது.

புகழ் வந்தால் வம்பும் வருமே. 1974 டிசம்பர் 13, பிரான்சின் ரேம்ஸ் பேராலயம். பிரெஞ்சு மன்னர்கள் முடிசூட்டிக்கொண்ட இடம். 1914-ல் ஜெர்மன் பீரங்கிகள் கொளுத்திய இடம். அந்த ஊரில்தான் 1945 மே 7-ல் ஜெர்மன் படை சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது. இத்தனை பூர்வ கதையுள்ள கோயிலுக்குள் மறுபடியும் யந்திரங்களோடு ஜெர்மானியர்களை உள்ளே விட்டார்கள். முதலில் பாடகி நிகோ, ஹார்மோனியத்தோடு. அவரும் ஜெர்மானியர்தான். பிறகு இந்த மூவர். ரெண்டாயிரம் பேர் கொள்ளும் என்று நினைத்த இடத்தில் ஐயாயிரம், ஆறாயிரம் பேர் நெருக்கியடித்தார்கள். இசை தெய்வீகமாகத்தான் இருந்தது. கழிப்பறைதான் இல்லை. டிசம்பர் குளிர், நகர இடமில்லாத கூட்டம், முடிவே தெரியாத உருப்படிகள். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தூண்கள் குண்டுமழையில் காணாத அவமானத்தை அன்று கண்டன. காற்றில் சாம்பிராணி அல்லாத வேறொரு புகையும் இருந்ததாகப் புகார். பக்தர்கள் கொதித்தார்கள், கோயிலைப் புனிதப்படுத்த வேண்டியதாயிற்று. போப்பாண்டவரே தலையிட்டு இனிக் கத்தோலிக்க ஆலயம் எதிலும் இவர்கள் வாசிக்கக் கூடாதென்று தடை போட்டார் என்று ரசிகர்கள் சொல்வார்கள், சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் தொனிக்கும்.

போப் மூடிய கதவுக்குப் பக்கத்திலேயே ஆங்கிலிகன் சபையின் கதவு திறந்தது. 1975 இலையுதிர்காலத்தில் யார்க், லிவர்பூல், காவென்ட்ரி என்று பேராலயம் பேராலயமாக வாசித்தார்கள். காவென்ட்ரியின் பழைய பேராலயத்தை 1940 நவம்பரில் எரித்துப் பாழாக்கியது ஜெர்மன் விமானப்படை. அதே ஊருக்கு ஜெர்மானியர்கள் இரவில் உறுமும் யந்திரங்களோடு வருகிறார்கள், உள்ளூர்க்காரர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஆங்கிலேயர்களுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதை நான் ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் இது.

க்ளஸ்டரின் மிச்சத்தை விட்டுவிடக் கூடாது. ஷ்னிட்ஸ்லர் வழக்கம்போல விலகிவிட, ரோடெலியுஸும் மோபியுஸும் வேஸர் நதிக்கரையில் ஃபோர்ஸ்ட் என்ற கிராமத்துப் பழைய வீட்டில் குடியேறி, மிகைல் ரோத்தரோடு சேர்ந்து ஹார்மோனியா என்ற குழுவை நடத்தினார்கள். ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோவுக்கு அவர்கள்மேல் கொள்ளை ஆசை. வந்து சேர்ந்து வாசிக்கிறேன் என்று 1974-லேயே சொல்லியிருந்தவர் 1976-ல் வந்தார். அதற்குள் குழு கலைந்திருந்தது. விருந்தாளி வந்துவிட்டாரே என்று கலைந்தவர்கள் மறுபடி கூடி பதினொரு நாள் பதிவு செய்தார்கள். டேப்புகளை ஈனோ எடுத்துக்கொண்டு போனார். ஆல்பம் 1997-ல் வந்தது. இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வரவில்லை என்று அழுகிறவர்கள் இந்த இருபத்தொரு வருஷத்தை நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் காசு வந்த கதை. 'எக்ஸார்சிஸ்ட்' எடுத்த வில்லியம் ஃப்ரீட்கின், ஜெர்மனியில் கறுங்காட்டுப் பகுதியில், பாழடைந்த தேவாலயம் ஒன்றில் டாங்கரின் ட்ரீமின் நள்ளிரவுக் கச்சேரியைக் கேட்டார். முன்பே தெரிந்திருந்தால் 'எக்ஸார்சிஸ்ட்'டுக்கே இவர்களைப் போட்டிருப்பேன் என்று பிறகு சொன்னார். அடுத்த படத்தின் திரைக்கதையை அனுப்பினார். மூவரும் ஒரு காட்சியைக்கூடப் பார்க்காமல் இசையமைத்து டேப்பை அனுப்பிவிட்டார்கள், ஃப்ரீட்கின் அந்த இசையை வைத்துக்கொண்டு படத்தை வெட்டினார். படம் 'சார்ஸரர்', வெளியான நாள் 1977 ஜூன் 24. ஒரு மாதம் முன்னால் 'ஸ்டார் வார்ஸ்' வந்திருந்தது. ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் 'ஸ்டார் வார்ஸை' எடுத்துவிட்டு 'சார்ஸரரை'ப் போட்டார்கள். கூட்டம் இல்லை என்றதும் 'சார்ஸரரை'த் தூக்கிவிட்டு 'ஸ்டார் வார்ஸை'யே மறுபடி போட்டார்கள்.

இந்த பெர்லின்காரர்கள் ஒன்பது வருஷமாகச் செய்துகொண்டிருந்ததற்கு ஜெர்மனியில் வைத்த பெயர் பிரபஞ்ச இசை. நட்சத்திரம், நெபுலா, கிரகணம் என்று அட்டைக்கு அட்டை விண்வெளிதான். கடைசியில் விண்வெளிக்கு இசை போட்டது வயலினும் எக்காளமுமாக லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா. பிரபஞ்ச இசைக்காரர்களுக்குக் கிடைத்தது, வெடிமருந்து ஏற்றிக்கொண்டு சேற்றுக்காட்டில் முக்கி முக்கிப் போகும் ரெண்டு லாரி.